இல்லாத பெண்ணுக்கு ஒரு கணக்கு

வங்கிக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். கேட்டவர்களுக்கு ஒரு விஷயம் தெரியாது. ஒரு பெண்ணின் வீட்டில், அவளுடைய பட்டமளிப்புப் படத்துக்கு நேர் கீழே உட்கார்ந்து, அவளுடைய சித்தி போட்டுக்கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, ‘அப்படி ஒருவர் இந்த முகவரியில் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட அதிகாரி நான்தான். சீனி காணாது என்று கேட்டு இன்னொரு கரண்டி வாங்கிப் போட்டுக்கொண்டேன் என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

அப்போது நான் ஹட்டன் கிளையில் இரண்டாவது அதிகாரி. புதிய கணக்குகள் என் மேசைக்குத்தான் வரும். அந்தக் கிளைக்கு அந்த வருடம்தான் புது மெனேஜர் வந்திருந்தார். மாத்தறைப் பக்கத்துச் சிங்களப் பெண்மணி. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். மலை நாட்டுக் குளிருக்குப் பழகாமல் ஏப்ரல் மாதத்திலும் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ‘இவருக்கு நம்ம சனங்களைப் பற்றி என்ன தெரியும்’ என்று எனக்கு ஓர் இளக்காரம் இருந்தது. நான் இந்த மலையிலேயே பிறந்தவன் அல்லவா? தேயிலைத் தோட்டத்து ஆபிஸ் கிளாக்கரின் மகன். எங்கள் குவாட்டர்ஸ் மேட்டில் இருக்கும், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்கள் கீழே இருக்கும். ஆக, நான் இந்தச் சனங்களின் கூரைத் தகரங்களை மிக நன்றாக அறிந்தவன்.

கௌசல்யா ஒரு செவ்வாய்க்கிழமை வந்தாள். இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். பேச்சு நம் பேச்சு மாதிரிதான், ஆனால் நாம் ‘சேர்’ என்கிற இடத்தில் அவள் ‘சார்’ என்றாள். தமிழ்நாட்டு அகதி முகாமில் பிறந்து வளர்ந்தவள். அவளுடைய தாத்தா லிந்துலைப் பக்கத்துத் தோட்டத்து ஆள். கலவரத்துக்குப் பயந்து குடும்பம் வன்னிக்குப் போயிருக்கிறது. அங்கே யுத்தம் துரத்தவும் கடல் கடந்திருக்கிறது. பெற்றோர் இருவரும் முகாமிலேயே காலமான பிறகு, இவள் மட்டும் பி.கொம். பட்டத்தோடு விமானத்தில் வந்து இறங்கியிருந்தாள். தன் சொந்த நாட்டை அவள் பார்த்தது அதுதான் முதல்தடவை.

“இங்க வந்து எத்தனை நாளாச்சும்மா?”

“வந்ததும் வவுனியாவுல அப்பாவோட கூட்டாளி வீட்ல இருந்தேன் சார். ஐடி கார்டு அங்கதான் எடுத்தாங்க. இப்ப ரெண்டு மாசமா லிந்துலை பக்கம், சித்தி வீட்ல.”

சிக்கல் அங்கேதான். அடையாள அட்டையில் இருப்பது வவுனியா முகவரி. ஆள் இருப்பது லிந்துலையில், ஒரு லயத்து வீட்டில். வீடு தோட்டத்துக்குச் சொந்தம், கரண்ட் பில் சித்தப்பாவின் பெயரில். வசிப்பிடச் சான்று தரவேண்டிய கிராம சேவகர் பிரசவ விடுமுறையில் போய்விட்டார். அவருக்குப் பதிலாக வேலை பார்ப்பவர் எப்போது வருவார் என்பது அவருக்கே தெரியாது.

அவசரம் அவளுக்குத்தான். நுவரெலியாவில் ஒரு ஹோட்டல் கணக்குப் பிரிவில் வேலைக்கு எடுத்திருந்தார்கள். சம்பளம் வங்கியில்தான் போடுவார்களாம். வெள்ளிக்கிழமை மாலைக்குள் கணக்கு இலக்கத்தைக் கொடுக்காவிட்டால், நேர்முகத்தில் அடுத்ததாக வந்த பெண்ணைக் கூப்பிட்டுவிடுவோம் என்று மரியாதையாகச் சொல்லியிருக்கிறார்கள்.

“இங்க வந்து எனக்குக் கெடச்ச மொத வேல சார்” என்றாள். கெஞ்சவில்லை. தகவலாகத்தான் சொன்னாள்.

வெளிநாட்டிலிருந்து புதிதாக வந்தவர் என்றால், ஓர் அதிகாரி நேரில் போய் வசிப்பிடத்தை உறுதிசெய்ய வேண்டும் என்பது எங்கள் தலைமையகத்தின் விதி. போகும் நாளை வாடிக்கையாளருக்கு முன்கூட்டியே சொல்லக்கூடாது. அதனால் சொல்லவில்லை. விதிகளைக் கடைப்பிடிப்பதில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது. அதுதான் என் குறை.

வியாழக்கிழமை, தோட்டத்தில் வேலை விட்டு எல்லோரும் வீடு திரும்பியிருக்கும் நேரம் பார்த்து மோட்டார் சைக்கிளில் போய் இறங்கினேன். உள்ளே தள்ளிய வெள்ளைச் சட்டை, டை, கையில் கறுப்புப் பைல். வாடிக்கையாளர் விஷயத்தை வெளியே சொல்லக்கூடாது என்பதால், எங்கிருந்து வருகிறேன் என்று சொல்லாமலே லயத்து முனையில் பைப்படியில் நின்ற பெண்களிடம் கேட்டேன்.

“கௌசல்யான்னு ஒரு பொண்ணு இருக்கிறது எந்த வீடு?”

“அப்பிடி யாரும் இல்லீங்க சேர்.”

“இந்தியாவுல இருந்து வந்த பொண்ணு.”

“இல்லீங்க.”

அடுத்த வாசலில் ஒருவர் டோர்ச் வெளிச்சத்தில் வானொலிப் பெட்டியைப் பிரித்து வைத்திருந்தார். நான் வாயைத் திறக்குமுன்பே “இல்ல சேர்” என்றார். நாலைந்து வாசல்களில் கேட்டேன். எல்லா இடத்திலும் ஒரே பதில், ஒரே வேகம். கடைசியில் அவள் கொடுத்திருந்த வீட்டு இலக்கத்துக்கே போனேன். பத்மா என்ற பெண்மணி கதவைத் திறந்தார். அதே பதில்தான். ஆனால் வந்த மனிதனைச் சும்மா அனுப்பும் பழக்கம் அவருக்கு இல்லை.

“உக்காருங்க சேர். கால்ல அட்ட ஏறியிருக்கு பாருங்க. உப்புப் போடுறேன்.”

உண்மையாகவே ஏறியிருந்தது. அட்டையைக் கண்டால் எனக்குப் பதவி, பட்டம் எல்லாம் மறந்துபோகும். அவர் உப்புப் போட்டார், தேத்தண்ணி கொடுத்தார், மழையைப் பற்றியும் கொழுந்து விலையைப் பற்றியும் பேசினார். நான் காலைப் பார்த்துக்கொண்டே குடித்தேன். தலைக்கு மேலே சுவரில் என்ன மாட்டியிருக்கிறது என்று ஒருதடவை நிமிர்ந்து பார்த்திருக்கலாம்.

அன்றிரவே அறிக்கையை எழுதிக் கணினியில் ஏற்றிவிட்டேன். விசாரித்த அனைவரும் மறுத்தனர், முகவரி பொய். நான் துப்பறியும் நாவல்கள் படித்து வளர்ந்தவன். அறிக்கையின் நடை எனக்கே பிடித்திருந்தது.

மறுநாள் மத்தியானம் கௌசல்யா வந்தபோது கிளை நிரம்பிக் கிடந்தது. நான் குரலைத் தாழ்த்திக்கொண்டு, ஆனால் பக்கத்து மேசைக்குக் கேட்கும்படியாக, “நீங்க சொன்ன இடத்தில உங்கள யாருக்குமே தெரியாதாமே” என்றேன்.

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு முகம் வெளுத்தது.

“நான் நேத்து நைட்டு அங்கதான் சார் தூங்கினேன்.”

“லயம் முழுக்கக் கேட்டுட்டேன்.”

“சித்திகிட்ட கேட்டீங்களா?”

“அவங்களும்தான் மறுத்தாங்க. தேத்தண்ணியெல்லாம் குடுத்து மறுத்தாங்க.”

அவள் கதிரையில் உட்கார்ந்துவிட்டாள். சித்தி தன்னைக் கைவிட்டுவிட்டார் என்று நினைத்திருக்க வேண்டும். அதைப் புரிந்துகொள்ளும் நிலையில் நான் இல்லை. பொய்க்காரி மாட்டிக்கொண்டாள் என்று உட்கார்ந்திருந்தேன்.

அதே நேரத்தில் பிராந்திய அலுவலகத்திலிருந்து மெனேஜருக்குத் தொலைபேசி. அறிக்கையைப் பார்த்துவிட்டார்கள். விண்ணப்பத்தை நிராகரியுங்கள், பொய் முகவரி என்று சந்தேகப் பட்டியலுக்கும் அனுப்புங்கள், இன்றைக்கே. அது போய்விட்டால் எங்கள் வங்கியில் மட்டுமல்ல, இந்த நாட்டில் எந்த வங்கியிலும் அவள் பெயருக்கு ஒரு கணக்குத் திறப்பது பெரும்பாடு. தன் நாட்டுக்கு வந்து ஒரு வருடம் ஆகாதவள், தன் நாட்டிலேயே சந்தேகப்படும் ஆளாகிவிடுவாள்.

மெடம் என்னை உள்ளே கூப்பிட்டார். நாங்கள் சிங்களத்தில் பேசிக்கொண்டோம். தமிழில் தருகிறேன்.

“நீங்கள் கேட்டதும் அவர்கள் என்ன சொன்னார்கள்?”

“இல்லை என்றார்கள்.”

“அதற்கு முன்னால்?”

“முன்னால் ஒன்றும் இல்லை மெடம். கேட்டதுமே இல்லை என்றார்கள்.”

“யார் அந்தப் பெண், யாருடைய மகள், எதற்குத் தேடுகிறீர்கள், ஒன்றும் கேட்கவில்லையா?”

“இல்லை.”

“ஒருவர்கூட?”

“ஒருவர்கூட.”

அவர் பேனாவை மூடி வைத்தார். “எங்கள் ஊரில் போய், இல்லாத ஒருவரைத் தேடிப் பாருங்கள். அரை மணித்தியாலம் உங்களை விடமாட்டார்கள். எந்தக் கௌசல்யா, கறுப்பா வெள்ளையா, பக்கத்துத் தோட்டத்தில் ஒரு கௌசல்யா இருந்தாளே, அவள் கல்யாணம் கட்டிப் போய்விட்டாளே என்று உங்களுக்கே தலை சுற்றும். ஆளைத் தெரியாதவன்தான் கேள்வி கேட்பான். கேள்வியே கேட்காமல் இல்லை என்றால், அவள் அங்கேதான் இருக்கிறாள்.”

பிறகு என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

“இப்படியா உடுத்திக்கொண்டு போனீர்கள்? டை, பைல், மோட்டார் சைக்கிள்?”

“ஆம், மெடம். வங்கியின் கௌரவம்...”

“கிழமைக் கடன் கொடுக்கிறவன் வேறு எப்படி வருவான்?”

உங்களில் மலைநாட்டைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. சிறு கடன் கம்பனிகளின் ஆட்கள் கிழமைக்குக் கிழமை லயங்களுக்கு வசூலுக்கு வருவார்கள். கட்ட முடியாத பெண்ணின் வாசலில் நின்று சத்தம் போடுவார்கள். அதனால் லயங்களில் ஒரு வழக்கம் உண்டாகியிருந்தது. சட்டையை உள்ளே தள்ளிய ஒருவன் பைலோடு வந்து எந்தப் பெண்ணின் பெயரைக் கேட்டாலும், அந்தப் பெண் அங்கே இல்லை. அவளுக்குக் கடன் உண்டா, ஏன் தேடுகிறான் என்று யாரும் யோசிப்பதில்லை, அவன் வந்துபோனதை அவளிடம் சொல்லிப் பயமுறுத்துவதும் இல்லை. வீட்டுக்கு வீடு சொல்லிவைக்கவும் தேவையில்லை. கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டுவது போல, அது கை தானாகச் செய்கிற வேலை. கௌசல்யாவுக்கு இந்த வழக்கம் தெரியாது. ஒரு காசு கடன் இல்லாதவளுக்கு அதை யார் சொல்லப் போகிறார்கள்? மாத்தறைக்காரிக்குத் தெரிந்திருந்தது. அவர் ஊரில் ஆட்டோவைப் பறிக்க வருகிற லீசிங்காரர்களுக்கு இதே உபசாரம்தானாம். இந்த மலையில் பிறந்த கிளாக்கர் மகனுக்குத்தான் தெரிந்திருக்கவில்லை.

ஆனால் ஊகம் ஊகம்தான். அறிக்கையில் என் கையெழுத்து இருக்கிறது, மேலிடத்தின் உத்தரவு இருக்கிறது, நேரம் இரண்டரையைத் தாண்டிவிட்டது. அவருடைய இடத்தில் நான் இருந்திருந்தால் உத்தரவைச் செய்துவிட்டுப் பகல் சாப்பாட்டை எடுத்திருப்பேன். தவறு என்றால் மேலிடத்தின் தவறு. அவரோ பிராந்திய அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்து, “இன்னும் ஒருமுறை பார்க்க வேண்டியிருக்கிறது. நானே போகிறேன். பட்டியலுக்கு ஒன்றும் அனுப்பவில்லை. பொறுப்பு என்னுடையது” என்றார். மறுமுனை சத்தம் போட்டது எனக்கே கேட்டது. “சரி சேர், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்” என்று வைத்துவிட்டார். சாவிகளை அடுத்த அதிகாரியிடம் ஒப்படைத்தார். என்னிடம், “டையைக் கழற்றுங்கள்” என்றார்.

வாடகை வேன் ஒன்றில் நாங்கள் மூவரும் போனோம். கௌசல்யா வழி நெடுக ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலவாக்கலை தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. மெடம் ஒரேயொருதடவை தன் உடைந்த தமிழில், “சித்தி நல்லதா உங்களுக்கு?” என்று கேட்டார்.

“இதுவரைக்கும் நல்லவங்கதான் மேடம்” என்றாள் அவள்.

லயத்தை அடைந்தபோது பைப்படியில் அதே பெண்கள். டை இல்லாவிட்டாலும் என் முகத்தை மறக்கவில்லை. நேற்று ஓர் ஆள், இன்று வேனில் ஒரு பெரிய அம்மாவோடு வந்திருக்கிறான். கூடவே கௌசல்யாவையும் பிடித்துக்கொண்டு வந்துவிட்டான். அவர்கள் கண்ணுக்கு அப்படித்தான் பட்டிருக்கிறது.

மெடம் மடக்கிய குடையோடு இறங்கினார். “நான் காசு கேக்க வரல்ல. காசு குடுக்கவும் வரல்ல. இந்த மகள் இங்கதானே இருக்கிறது?”

“எந்த மகள்?” என்றாள் ஒருத்தி, கௌசல்யாவை நேராகப் பார்த்துக்கொண்டே.

“இவங்க.”

“கண்டதே இல்லீங்களே மெடம். டவுன் புள்ள மாதிரி தெரியுது.”

வானொலிக்காரர் வாசலில் இருந்தே குரல் கொடுத்தார். “நேத்தே சேருக்குச் சொன்னோமே மெடம். திரும்பவும் ஏன் இவ்வளவு தூரம் பெட்ரோல் செலவு?”

அதற்குள் பத்மா வாசலுக்கு வந்துவிட்டார். அவரைக் கண்டதும் கௌசல்யா, “சித்தி, இவங்க லோன்காரங்க இல்ல. பேங்க்ல இருந்து வந்திருக்காங்க. சொல்லுங்க சித்தி” என்றாள்.

பத்மா முகத்தில் ஓர் அசைவு இல்லை. “யாரும்மா நீ? யாருக்குச் சித்தி? எனக்கு அக்கா தங்கச்சியே கெடயாது.” சொல்லிக்கொண்டே, பின்பக்கமாக ஓடிவிடு என்று கண்ணால் சாடை காட்டினார். அந்தச் சாடை எனக்கே விளங்கியது என்றால் பாருங்கள்.

கௌசல்யா சிரிக்கத் தொடங்கினாள். அந்தச் சிரிப்பு பாதியிலேயே வேறாகி, மழையில் நின்றபடி விசும்பத் தொடங்கினாள். மெடத்தைப் பார்த்துச் சொன்னாள்:

“முகாம்ல ஆபீசருங்க வந்து ஆளுங்கள எண்ணுவாங்க மேடம். நான் இருக்கேனான்னு பாக்கத்தான் வருவாங்க. பேரக் கூப்பிட்டா, இருக்கேன் சார்னு சொல்லணும். பொறந்ததுல இருந்து அதுதான். எனக்காக இல்லன்னு சொல்ல ஒருத்தர்கூட இருந்ததில்ல மேடம்.”

மெடத்துக்கு முழுவதும் விளங்கியிருக்குமா தெரியாது. நான் மொழிபெயர்க்க முயன்றேன். பாதியிலேயே அவர் போதும் என்று கைகாட்டினார்.

அவள் அழுவதைக் கண்டதும் பத்மாவின் நடிப்பு அந்த இடத்திலேயே முடிந்தது. கையில் இருந்த அகப்பையோடு படியிறங்கி ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டார்.

“ஏன்டி அழுவுற? அடிச்சாங்களா? என்ன சொன்னாங்க? ஏங்க, எம்புள்ளய என்ன பண்ணுனீங்க?” அகப்பை என் மூக்குக்கு நேரே நின்றது. “அப்பன் ஆத்தா இல்லாத புள்ளன்னு நெனச்சீங்களா? நாங்க இல்ல? இவ பேருல ஒரு கடன் இருந்தா காட்டுங்க பாப்போம்!”

பைப்படிப் பெண்கள் குடங்களை வைத்துவிட்டு வந்து சுற்றி நின்றார்கள். இப்போது எல்லோருக்கும் அவளைத் தெரிந்திருந்தது. அவள் எந்த நேரம் எழும்புவாள், சம்பல் உறைத்தால் எப்படித் தவிப்பாள், நான் வந்துபோன நேரத்தில்கூடக் கோயிலடியில் இருந்து பிள்ளைகளுக்கு எப்படிக் கணக்குச் சொல்லிக்கொடுப்பாள் என்று ஆளாளுக்கு என் முகத்துக்கு நேரே சொன்னார்கள். வானொலிக்காரர், “எங்க லயத்துப் புள்ள சேர் அது. கேக்குறதுன்னா எங்ககிட்ட கேளுங்க” என்றார். முந்தினநாள் கேட்டதைப் பற்றி நான் ஞாபகப்படுத்தவில்லை.

மெடம் குடையை விரித்து எனக்குப் பிடித்தார். “இப்ப எழுதுங்க” என்றார்.

எழுதுவதற்காக உள்ளே போய் உட்கார்ந்தபோதுதான் நிமிர்ந்து பார்த்தேன். கறுப்பு அங்கியும் தொப்பியுமாகக் கௌசல்யா சுவரில் இருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அங்கே தொலைபேசிக்குச் சிக்னல் கிடையாது. கோயிலுக்குப் பின்னால் ஒரு பாறையில் ஏறினால் கிடைக்குமாம். கம்பளிச் சட்டையும் வழுக்கும் செருப்புமாக மெடம் அந்தப் பாறையில் ஏறினார். பின்னால் பாதி லயம். பிராந்திய அலுவலகத்துக்குச் சொன்னதை நான் கீழே நின்று கேட்டேன். “ஆம் சேர், முதலில் மறுத்தார்கள். அவளைக் கொண்டுபோய் நிறுத்தியபோதும் மறுத்தார்கள். அதனால்தான் உறுதியாகச் சொல்கிறேன். அந்நியப் பெண்ணுக்காக யாரும் இவ்வளவு சிரமப்படமாட்டார்கள்.” மறுமுனை சம்மதித்தது. அடுத்த அழைப்பு எங்கள் கிளைக்கு. கணக்கு திறக்கப்பட்டு இலக்கம் வந்தது. பாறையில் நின்றபடியே கௌசல்யா அதை ஹோட்டலுக்கு வாசித்துச் சொன்னாள். அங்கே கேட்டவர் இரண்டுமுறை திரும்பச் சொல்லச் சொன்னார், காற்றுச் சத்தம் அப்படி. வைத்துவிட்டு அவள் தலையை ஆட்டியதும் கீழே நின்றவர்கள் கைதட்டினார்கள். ஒரு சேமிப்புக் கணக்குக்குக் கைதட்டியதை என் சேவைக்காலத்தில் அப்போதுதான் கண்டேன்.

திரும்பும் வழியில் என் முதல் அறிக்கையைப் பற்றி மெடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதைக் கிழித்துவிடவும் விடவில்லை. இரண்டையும் ஒன்றாகவே கோப்பில் போடச் சொன்னார். “முதலாவது இல்லாமல் இரண்டாவதை யாரும் நம்பமாட்டார்கள்” என்றார். நான் வேலை செய்த மெனேஜர்களில் விதிகளை அவரைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். விதி முடிந்துபோகிற இடத்தில் ஆளைப் பார்க்கத் தெரிந்தவர் அவர்தான்.

ஆகவே நீங்கள் வீடு தேடிப் போகும்போது, என்ன பதில் கிடைத்தது என்பதை மட்டும் எழுதிக்கொண்டு வராதீர்கள். எத்தனை கேள்விக்குப் பிறகு கிடைத்தது, உங்களை யாரென்று நினைத்துச் சொன்னார்கள் என்பதையும் யோசியுங்கள். நேரம் இல்லை என்று மேலிடம் அவசரப்படுத்தும்போது முக்கியமாக யோசியுங்கள். நேரம் இல்லாதது பெரும்பாலும் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிறவருக்குத்தான்.

சில மாதங்கள் கழித்துப் பத்மா தனக்கும் ஒரு கணக்குத் திறக்கக் கௌசல்யாவோடு கிளைக்கு வந்தார். அந்த நேரம் பார்த்துப் பயிற்சிக்கு வந்த இரண்டு பேருக்கு, முகவரியை உறுதிசெய்வதில் நாங்கள் எவ்வளவு கண்டிப்பானவர்கள், நான் எப்படி வாசல் வாசலாகப் போய் விசாரிப்பேன் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். பத்மா எதிர்க் கதிரையில் உட்கார்ந்து கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். பிறகு அந்தப் பிள்ளைகளைப் பார்த்துச் சொன்னார்:

“எத்தனையோ வருசமா எத்தனையோ பேரு எங்க லயத்துக்கு வந்து கேட்டிருக்காங்க தம்பி. நாங்க இல்லன்னு சொன்னத நம்பிட்டுப் போன ஒரே ஆளு, இந்த சேருதான்.”